ஒரே தலையைப் பலமுறை எண்ணுவது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பேசுகிறவர் கொஞ்சம் பெரிய தலைப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம். பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வருகிறார்களே, அது எப்படி நடக்கிறது என்பதுதான். துறைக் கூட்டம், நேர்முகத் தேர்வுக் குழு, கோயில் திருப்பணிக் குழு, குடியிருப்போர் சங்கம், அமைச்சரவை எல்லாவற்றிலும் இது நடக்கிறது. முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ‘விரிவாக விவாதிக்கப்பட்டு ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். விரிவாக என்பதில் எவ்வளவு உண்மை, ஒருமனதாக என்பதில் எவ்வளவு உண்மை என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

தனி மனிதர் எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து முடிவெடுப்பதில்லை என்பது பழைய செய்தி. அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே இதை எழுதிவிட்டார். இருக்கிற வழிகளில் மிகச் சிறந்தது எது என்று நாம் தேடுவதில்லை, ‘இது போதும்’ என்று தோன்றும் முதல் வழியில் நின்றுவிடுகிறோம் என்றார். உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, இந்தக் குறுக்குவழிகள் எங்கெங்கே நம்மை வழுக்கிவிடுகின்றன என்று காட்டியது. ஜெர்மனியில் கெர்ட் கிகெரென்சர் எதிர்க்கட்சி. சரியான சூழலில் ஒரே ஒரு குறிப்பைப் பார்த்து எடுக்கும் முடிவு, பத்துக் குறிப்புகளைக் கூட்டிக் கழித்து எடுக்கும் முடிவுக்கு இளைத்ததல்ல என்பது அவர் கட்சி. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குள் இன்று நான் போகப்போவதில்லை.

எனக்கு வேண்டியது குழு. ஒரு குழு கையாளும் குறுக்குவழிகள் தனி மனிதருடையவை அல்ல. அதிகம் பேர் சொல்வது எதுவோ அதுவே சரி. விவரம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் சொன்னால் சரி. போன வருடம் இப்படித்தான் செய்தோம். யாரும் மறுக்கவில்லை, ஆகவே எல்லோருக்கும் சம்மதம். இவை இல்லாமல் எந்தக் கூட்டமும் இரவு உணவுக்கு வீடு திரும்ப முடியாது. ஆகவே குறுக்குவழியைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. நான் கேட்பது வேறு. அந்தக் குறுக்குவழி, பத்துப் பேர் தனித்தனியே பார்த்ததைச் சேர்க்கிறதா, அல்லது ஒருவர் பார்த்ததையே பத்துமுறை எண்ணுகிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரேபோலத்தான் தெரியும். இரண்டிலும் பத்துக் கை உயர்ந்திருக்கும்.

1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு கால்நடைக் கண்காட்சி. ஒரு காளையை நிறுத்தி, அதை வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு எடை நிற்கும் என்று ஊகிக்கப் போட்டி வைத்தார்கள். ஆறு பென்னி கொடுத்துச் சீட்டு வாங்கி எடையை எழுதிப் போட வேண்டும். கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் போட்டார்கள், மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் போட்டார்கள். போட்டி முடிந்ததும் ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் சீட்டுகளைக் கேட்டு வாங்கினார். படிக்க முடிந்த 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி நடுச்சீட்டை எடுத்துப் பார்த்தார். 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198 பவுண்டு. மறு ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். கால்டன் சாமானியர்களின் அறிவின்மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தவர் அல்ல. இனமேம்பாடு என்ற விபரீதக் கொள்கைக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். அவர் கையாலேயே இந்தக் கணக்கு வெளிவந்தது வேடிக்கை.

இந்தக் கதையைச் சொல்கிற பலர் 787 என்ற எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். என் கண் சீட்டின்மேல் இருக்கிறது. ஒவ்வொருவரும் தனியாக எழுதினார்கள், காசு கொடுத்து எழுதினார்கள், பக்கத்து ஆள் எழுதியதைப் பார்த்து எழுதினால் பரிசைப் பங்குபோட நேரும். இதே காளையைச் சுற்றி 787 பேரையும் உட்காரவைத்து, ஊரின் பெரிய கசாப்புக்கடைக்காரர் முதலில் எழுந்து ஓர் எடையைச் சொல்லியிருந்தால்? நமக்குக் கிடைத்திருப்பது அவருடைய எடை. 787 பேர் வழிமொழிந்த அவருடைய எடை.

பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தோர்சே 1785இலேயே இதன் கணக்கைப் போட்டுவிட்டார். ஒவ்வொருவரும் பத்துக்கு ஆறு முறை சரியாகச் சொல்லக்கூடியவர் என்று கொள்வோம். மூன்று பேரின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 65 சதவீதம். ஐந்து பேர் என்றால் 68. கூட்டம் பெருகப் பெருக அது நூறை நெருங்கும். ஆனால் ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவைச் சார்ந்திருக்கக் கூடாது. அந்த நிபந்தனை போய், எல்லோரும் ஒருவரையே பார்த்துச் சொன்னால் ஐயாயிரம் பேர் கூடினாலும் 60 சதவீதம்தான். ஒரே தலையை ஐயாயிரம் முறை எண்ணியிருக்கிறோம், அவ்வளவே.

இதில் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. அடுத்தவரைப் பார்த்து முடிவெடுப்பவர் முட்டாள் அல்ல. அபிஜித் பானர்ஜி, பின்னாளில் 2019இல் பொருளாதார நோபல் பெற்றவர், 1992இல் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு உணவகங்களை வைத்து இதைக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடைகள். முதலில் வருகிறவருக்குக் கிடைத்த துப்பு இடப்பக்கக் கடை நல்லது என்கிறது, உள்ளே போகிறார். அடுத்தவருக்குக் கிடைத்த துப்பு வலப்பக்கம் நல்லது என்கிறது. ஆனால் முன்னவர் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று இவரும் இடப்பக்கம் போகிறார். மூன்றாமவர் இரண்டு பேரைப் பார்க்கிறார். இப்படியே நூறாவது ஆள் வரைக்கும். அந்த நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு வலப்பக்கமே நல்லது என்ற துப்பு இருந்தாலும் அது வெளியே வராது. ஒவ்வொருவர் செய்ததும் நியாயமானது, எல்லோரும் சேர்ந்து செய்தது தவறானது. கும்பலோடு கோவிந்தா என்று நாம் கேலி செய்வோம். பானர்ஜியின் கணக்கு கேலி செய்யவில்லை. முதல் கோவிந்தாவைப் போட்டவருக்கும் மற்றவர்களைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று மட்டும் காட்டுகிறது.

நம் நேர்முகத் தேர்வுக் குழுக்களை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேர். விண்ணப்பதாரர் வெளியே போய்க் கதவு சாத்தியதும் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ‘பையன் பரவாயில்லை’ என்பார். அதன்பின் விழும் மதிப்பெண்களைப் பாருங்கள், எல்லாம் பரவாயில்லை ரகத்தில்தான் இருக்கும். தாளில் ஐந்து கையெழுத்து இருக்கும். மதிப்பீடு ஒன்றுதான்.

இப்போது கொஞ்ச நேரம் மனிதர்களை விட்டுவிட்டுத் தேனீக்களிடம் போவோம். இது பொழுதுபோக்குக்காக அல்ல. குழு முடிவு பற்றி நான் படித்தவற்றில் மிகத் தெளிவான ஆய்வு இதுதான்.

1949இல், போர் முடிந்து இடிபாடுகள் இன்னும் அகற்றப்படாத மியூனிக் நகரம். மார்ட்டின் லிண்டவர், கார்ல் ஃபான் ஃபிரிஷின் மாணவர். தேனீயின் வாலாட்டு நடனத்தில் திசையும் தூரமும் அடங்கியிருக்கின்றன என்று கண்டுபிடித்தாரே, அந்த ஃபிரிஷ். புதரில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தேனீத் திரளை லிண்டவர் பார்த்தார். அதன்மேல் சில தேனீக்கள் நடனமாடிக்கொண்டிருந்தன. தேன் எடுத்துவந்த தேனீ என்றால் மகரந்தம் ஒட்டியிருக்க வேண்டும். இவற்றின் மேல் ஒட்டியிருந்தது புழுதி. சில கரி படிந்து கறுத்திருந்தன, சில செங்கல் தூள் படிந்து சிவந்திருந்தன, சிலவற்றின் மேல் மாவு. இவை பூவிலிருந்து வரவில்லை, புகைபோக்கிகளிலிருந்தும் இடிந்த சுவர்ப் பொந்துகளிலிருந்தும் வருகின்றன, வீடு பார்க்கப் போய்வந்த வேவுத் தேனீக்கள் இவை என்று அவர் ஊகித்தார். பின்னர் பல திரள்களின் பின்னால் அலைந்து, 1955இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் அதை நிறுவினார். அதன்பின் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சீலி பல பத்தாண்டுகள் இதையே தொடர்ந்தார்.

நடப்பது இது. கூடு நிரம்பிவிட்டால் பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி ஒரு கிளையில் தொங்குகிறது. சுமார் பத்தாயிரம் தேனீக்கள். அவற்றில் சில நூறு மட்டும் வேவு பார்க்கப் போகும். மற்றவை அசையாமல் தொங்கும். வேண்டியது ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளளவுள்ள பொந்து, வாசல் சிறியதாக இருக்க வேண்டும், தரையிலிருந்து உயரத்தில் இருக்க வேண்டும். பொந்து கண்ட தேனீ திரும்பிவந்து நடனமாடும். இடம் நல்லதென்றால் அதிகச் சுற்று, சுமாரென்றால் குறைந்த சுற்று. அதைப் பார்த்த இன்னொரு தேனீ கிளம்பும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நடனத்தைப் பார்த்துக் கிளம்பிய தேனீ, அங்கே போய்த் தானே உள்ளே நுழைந்து அளந்து பார்க்கிறது. திரும்பிவந்து அது எத்தனை சுற்று ஆடுகிறது என்பது, தான் கண்டதைப் பொறுத்தது. தன்னை அனுப்பியவள் எவ்வளவு உற்சாகமாக ஆடினாள் என்பது அதில் சேராது. எங்கே பார்ப்பது என்பதை அடுத்தவளிடம் கேட்டுக்கொள்ளும், எப்படி இருக்கிறது என்பதை அடுத்தவளிடம் கேட்காது. நம் குழுக்களில் இந்த இரண்டும் பிரிவதே இல்லை. ஒரு பெயரைச் சொல்லும்போதே அதற்கு ஒரு மதிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று. ஒரு வேவுத் தேனீ தன் இடத்துக்காக விடாமல் வாதாடுவதில்லை. ஒவ்வொரு முறை போய்த் திரும்பும்போதும் நடனம் சுமார் 15 சுற்று குறையும். 90 சுற்றில் தொடங்கியவள் ஆறு தடவை வந்து ஆடிவிட்டு ஓய்வாள், 30 சுற்றில் தொடங்கியவள் இரண்டே தடவையில் ஓய்ந்துவிடுவாள். தோற்ற கட்சியை யாரும் சமாதானம் செய்யத் தேவையில்லை, அது தானாக வாயை மூடிக்கொள்கிறது. ஒரே பிடியாக நிற்பவர் கடைசியில் ஜெயிக்கும் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது சற்றே பொறாமை தரும்.

முடிவு எப்போது? எல்லாத் தேனீயும் ஒப்புக்கொள்ளும் வரை காத்திருப்பதில்லை. ஏதாவது ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் இருபது முப்பது வேவுத் தேனீக்கள் கூடிவிட்டால், அங்கே போனவை அதை உணர்ந்து திரும்பிவந்து, கிளம்பலாம் என்று கீச்சிட்டுத் திரளைக் கிளப்புகின்றன. மிக எளிய குறுக்குவழி. நடனத்தைப் பார்த்துத் தலையாட்டியவர்களை எண்ணுவதில்லை, பொந்துக்குள் போய் நின்றவர்களை எண்ணுகிறது. மரமே அதிகமில்லாத ஆப்பிள்டோர் தீவுக்குச் சீலி திரள்களைக் கொண்டுபோய், ஒரு நல்ல பெட்டியும் நான்கு சுமாரான பெட்டிகளுமாக வைத்துச் சோதித்தார். ஐந்து திரள்களில் நான்கு, நல்ல பெட்டியையே தேர்ந்தன. பெரும்பாலான தேனீக்கள் ஓரிடத்தை மட்டுமே பார்த்தவை, எந்த இரண்டையும் ஒப்பிட்டவை அல்ல. ஒப்பீடு எந்த ஒரு தலைக்குள்ளும் நடக்கவில்லை.

தேனீக்களைத் தெய்வமாக்க வேண்டாம். முடிவுக்கு வர முடியாமல் திறந்தவெளியிலேயே அடை கட்டிய திரளையும் லிண்டவர் பதிவு செய்திருக்கிறார். தவிர, தேனீக்களுக்கு ஒரு வசதி உண்டு. எல்லோரும் ஒரே ராணியின் கூட்டம், யாருக்கும் அடுத்த பதவி உயர்வு பற்றிக் கவலையில்லை. நம்மிடம் அது இல்லை. அது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஓர் இரவை எடுத்துக்கொள்கிறேன்.

1986 ஜனவரி 27. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்ப வேண்டும். இரவில் கடும் குளிர் என்று வானிலை அறிக்கை. விண்ணோடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்தது யூட்டா மாநிலத்தின் மார்ட்டன் தயக்கால் நிறுவனம். ராக்கெட் துண்டுகளின் மூட்டுகளை அடைப்பது ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம். குளிரில் ரப்பர் விறைத்துப்போனால் மூட்டு அடைபடாது என்று நிறுவனத்தின் பொறியாளர்கள் அஞ்சினார்கள். இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்பு தொலைபேசிக் கூட்டம் தொடங்கியது. யூட்டாவிலும், நாசாவின் மார்ஷல் மையம் இருந்த அலபாமாவிலும், ஏவுதளம் இருந்த ஃபுளோரிடாவிலுமாக 34 பேர்.

பொறியாளர்கள் ரோஜர் பாய்ஸ்ஜாலியும் ஆர்னி தாம்சனும் தங்கள் படங்களைக் காட்டினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது நிறுவனத்தின் பரிந்துரை. அதுவரை நடந்தவற்றில் மிகக் குளிரான ஏவுதல் அந்த வெப்பநிலையில்தான் நடந்திருந்தது. நாசா அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒருவர் இந்தப் பரிந்துரை தன்னைத் திகைக்கவைக்கிறது என்றார், மற்றொருவர் அப்படியானால் எப்போது ஏவச் சொல்கிறீர்கள், ஏப்ரலிலா என்று கேட்டார். யூட்டா தரப்பு ஐந்து நிமிடம் தனியே பேச அனுமதி கேட்டு இணைப்பை நிறுத்தியது. அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது.

அந்த அரை மணியில் நடந்ததை, விபத்துக்குப் பின் அமைந்த விசாரணைக் குழுவின் முன் அவர்களே பின்னர் சொன்னார்கள். பாய்ஸ்ஜாலியும் தாம்சனும் மறுபடி எழுந்து வாதாடினார்கள், யாரும் கேட்பதாகத் தெரியாததால் உட்கார்ந்துவிட்டார்கள். மூத்த நிர்வாகி ஜெரால்ட் மேசன், பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் சொன்னார். முடிவெடுத்தது நான்கு நிர்வாகிகள் மட்டும். பொறியாளர்களிடம் கருத்து கேட்கவில்லை. மீண்டும் இணைப்பு வந்தபோது நிறுவனத்தின் பரிந்துரை மாறியிருந்தது: ஏவலாம். அதை எழுத்தில் கொடுங்கள் என்றது நாசா. ஏவுதளத்திலிருந்த தயக்கால் பிரதிநிதி ஆலன் மெக்டானல்ட் கையெழுத்திட மறுத்தார், யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு அனுப்பினார்.

இது கெட்ட மனிதர்களின் கதை என்று முடித்துவிடுவது எளிது. என் கணிப்பில், அங்கே வேலை செய்தவை நம் எல்லோருக்கும் பழக்கமான குறுக்குவழிகள். முந்தைய 24 விண்ணோடப் பயணங்களும் பத்திரமாக முடிந்திருக்கின்றன, வளையம் கொஞ்சம் கருகினாலும் ஒன்றும் ஆகவில்லை. இது போன வருடம் இப்படித்தான் செய்தோம் என்பதன் விண்வெளி வடிவம். பொறியாளர்களின் தரப்பிலும் ஒரு குறுக்குவழி இருந்தது, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. வளையம் சேதமடைந்த ஏவுதல்களை மட்டுமே அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் குளிர்நாளும் இருந்தது, வெயில்நாளும் இருந்தது. ஆகவே வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. சேதமே இல்லாத ஏவுதல்களையும் சேர்த்து வைத்திருந்தால் படம் வேறு. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 ஏவுதல்களில் மூன்றில்தான் சேதம். 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு ஏவுதல்களில் நான்கிலும் சேதம். விசாரணைக் குழு இதைப் பிறகு கட்டம் கட்டிக் காட்டியது. அன்றிரவு 34 பேரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோர் முன்னும் இருந்தது ஒரே தாள்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அடுத்து நடந்தது. காலையில் ஏவுதலுக்கு இறுதி ஒப்புதல் தர வேண்டிய நாசாவின் மேலதிகாரிகளுக்கு இந்தத் தொலைபேசிக் கூட்டம் நடந்ததே தெரியாது. அவர்களிடம் போய்ச் சேர்ந்தது ‘ராக்கெட் செய்தவர்கள் சம்மதித்துவிட்டார்கள்’ என்ற ஒரே ஒரு வரி. மேலே போகப் போக ஒவ்வொரு படியிலும் அதன்மேல் ஒரு கையெழுத்து கூடியது. கடைசியில் அது ஒரு பெரிய அமைப்பின் ஒருமித்த தீர்மானமாகத் தெரிந்தது. பொந்துக்குள் போய்ப் பார்த்தவர்கள் வேண்டாம் என்றார்கள், பார்க்காதவர்களின் எண்ணிக்கையை வைத்துத் திரள் கிளம்பியது. 28ஆம் தேதி காலை 11:38, வெப்பநிலை 36 டிகிரி ஃபாரன்ஹீட். கிளம்பிய 73ஆவது நொடியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட ஆபத்து புதிதல்ல, அதற்கு மருந்து தேடியவர்களும் பழங்காலத்திலேயே இருக்கிறார்கள். யூதர்களின் மிஷ்னா, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பு, மரண தண்டனை வழக்குகளுக்கு 23 நீதிபதிகள் வேண்டும் என்கிறது. சொத்து வழக்கு என்றால் மூத்தவரிலிருந்து கருத்துக் கேட்கலாம். உயிர் போகும் வழக்கில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இளையவரிலிருந்து தொடங்க வேண்டும். பெரியவர் பேசிவிட்டால் சின்னவர் பேச மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிஷ்னாவை விளக்கும் தால்முது இன்னும் ஒரு படி மேலே போகிறது. எல்லா நீதிபதிகளும் ஒருமனதாகக் குற்றவாளி என்றால் அவரை விடுவித்துவிட வேண்டும் என்று ஒரு கருத்து அதில் உண்டு. இதற்கு ஆயிரம் வியாக்கியானங்கள் இருக்கின்றன. ஒருவர்கூட மாற்றி நினைக்கவில்லை என்றால் யாரும் நினைக்கவே இல்லை என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியும் இதைப் பட்டறிந்தவர். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் நடந்த படையெடுப்பு முழுத் தோல்வி. அந்தக் கூட்டங்களில் சந்தேகம் இருந்தும் வாய் திறக்காமல் இருந்துவிட்டதாக அவருடைய ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் பின்னர் வருந்தி எழுதினார். உளவியலாளர் இர்விங் ஜானிஸ் குழுச் சிந்தனை பற்றி 1972இல் எழுதிய புத்தகத்துக்கு இது முக்கியச் சான்று. மறு ஆண்டு கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தபோது கென்னடி ஆலோசனைக் கூட்டங்கள் சிலவற்றுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார். தான் அறையில் இருந்தால் எல்லோரும் தன் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள் என்று அவருக்குப் புரிந்திருந்தது. தலைவர் எழுந்து வெளியே போவது எளிய வழி, ஆனால் நம் ஊரில் அதற்குத் துணிந்தவர்களைக் காண்பது அரிது.

கடைசியாக உத்திரமேரூர். தமிழில் குழு முடிவு பற்றிப் பேசிவிட்டு அங்கே போகாமல் திரும்ப முடியாது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921ஆம் ஆண்டுகள், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ‘உலகுக்கே ஜனநாயகம் தந்த ஊர்’ என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அந்த முழக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் செயல்முறையை மட்டும் பார்த்தால் அது அதைவிடச் சுவையானது.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்துக்கு ஆள் எடுக்க முதலில் சில சல்லடைகள். வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, வயது வரம்பு. முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வயது. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று திருத்தினார்கள், நடைமுறையில் ஏதோ இடித்திருக்கிறது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. முன்பு இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் கூடாது, அவருடைய உறவினர்களும் கூடாது. எந்த உறவு வரைக்கும் என்று நீண்ட பட்டியலே இருக்கிறது. இவ்வளவு சலித்த பிறகு மிஞ்சுகிறவர்களில் யார் சிறந்தவர் என்று விவாதிக்கவே இல்லை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் எடுத்துத் தர, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசித்தான். அத்தோடு விடவில்லை, அங்கே இருந்த நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், அனைவரும் அந்த ஓலையைத் தாங்களும் வாசிக்க வேண்டும். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். வீட்டுப் பெண்கள் நடத்தும் குலுக்கல் சீட்டில் இன்றும் ஒரு குழந்தையைக் கூப்பிட்டுத்தான் சீட்டெடுக்கச் சொல்கிறார்கள். அதன் தர்க்கமும் இதுவே.

குலுக்கல் என்றால் யோசிக்காமல் விட்டுவிடுவது என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. எதைக் குழு யோசிக்கலாம், எதை யோசித்தால் கெட்டுவிடும் என்று பிரித்தறிந்தவர்கள் வகுத்த முறை அது. தகுதி உண்டா இல்லையா என்பதை நிலம், வயது, கணக்கு என்று யாரும் சரிபார்க்கக்கூடிய சில அளவுகோல்களுக்கு விட்டார்கள். தகுதியுள்ள இருவரில் யார் மேல் என்ற கேள்வியில்தான் செல்வாக்கும் முகத்தாட்சண்யமும் நுழையும், அந்தக் கதவை அடைத்தார்கள். ஆனால் அந்த விரித்த உள்ளங்கையும், ஓலையை எல்லோரும் வாசிப்பதும் இல்லாமல் குலுக்கலும் ஒருவருடைய கைவேலையாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போகவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதி மங்கலம், பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். ஏரி வாரியத்துக்கு ஆள் குலுக்கினார்கள், ஆனால் அந்த ஏரித் தண்ணீரில் சேற்றில் இறங்கி உழுதவர்கள் பெயர் ஓலையில் இல்லை, எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. ஒரு குழு எடுக்கும் முதல் குறுக்குவழி, அறைக்குள் யார் என்பது. அது கூட்டம் தொடங்குமுன்பே எடுக்கப்பட்டுவிடுவதால் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. சேலஞ்சரிலும் அப்படியே. அந்த 34 பேரில் விண்ணோடத்தில் ஏறப்போகிறவர் ஒருவரும் இல்லை, அப்படியொரு பேச்சு நடந்தது அவர்களுக்குச் சொல்லப்படவும் இல்லை. விசாரணைக் குழு தந்த பரிந்துரைகளில் ஒன்று, பறப்பதற்கான ஆயத்தக் கூட்டத்தில் விண்ணோடத்தின் தளபதியோ அவருடைய பிரதிநிதியோ உட்கார வேண்டும் என்பது.

நம் ஊரில் அந்தக் குடம் இன்று எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி உள்ளிட்ட நாள்களில் சபை கூடுகிறது. குறைவெண் வரம்பு, கோரம் என்கிறோமே, அது ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேர் முதல் 300 பேர் வரை. அதை எப்படி எண்ணுகிறோம்? நோட்டில் உள்ள கையெழுத்துகளை வைத்து. பல ஊர்களில் தீர்மானம் முன்பே எழுதப்பட்டிருக்கும், செயலர் வாசிப்பார், தலைவர் நாலு வார்த்தை பேசுவார், நோட்டு சுற்றிவரும். இதற்கு மாறான ஏற்பாட்டையும் நாமே செய்து பார்த்திருக்கிறோம். 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நடந்த வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. அதற்காக இளைஞர்கள் வீடு வீடாகப் போய் வேலை அட்டையைப் பார்த்தார்கள். வெட்டியதாகக் கணக்கில் எழுதியிருந்த வாய்க்காலை நாடா பிடித்து அளந்தார்கள். அதன்பின் சபையில் எழுந்து வாசித்தார்கள். அளந்தவர் முதலில் வாசித்தால் சபையில் கேள்வி வரும். தலைவர் முதலில் பேசி, ஊர்ப் பெரியவர்கள் ஆமோதித்து, அதன்பின் அளந்தவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால், அந்த ஐந்து நிமிடத்தில் பாதிச் சபை டீ குடிக்கப் போயிருக்கும்.